தம்பியின் குழறல்

"உந்த மெசினை நிப்பாட்டும் பிள்ளை. அவர் களைச்சுப் போனார்" என்று மேரிசாந்தி மறுபடியும் சொன்னாள்.

கோசிகா மடிக்கணினியை மூடவில்லை. பக்கவாதத்தில் பேச்சு இழந்த தமிழர்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். மேரிசாந்தியின் கணவன் றூபனின் சட்டையில் சின்ன மைக்கைக் குத்தியிருந்தாள்; அதில் விழும் குழறலைக் கணினி தெளிந்த தமிழில் எழுதிக் காட்டும். "இன்னும் கொஞ்சம்தான் அன்ரி. அங்கிள் ஏதோ சொல்ல ட்ரை பண்ணுறார்."

"சொல்லட்டும், விடு" என்றார் றூபனின் அண்ணன் கிறிஸ்துராஜா. "ஆஸ்பத்திரியாலை வந்த நாள் தொட்டுக் குழறுறான். வெறும் சத்தமெண்டு இவ சொல்லுறா. வெறும் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?"

அவர்கள் கடல் கடந்து குடியேறிய இந்த ஹரோ வீட்டுக்குக் கோசிகாவைக் கூட்டிவந்தது அவர்தான். மேரிசாந்தி இதுவரை யாரையும் றூபனோடு தனியே விட்டதில்லை. செபிக்க வந்த பாதரைக்கூட வாசலோடு அனுப்பிவிட்டாள்.

றூபன் கண்ணைச் சுருக்கி, கோணிய வாயால் ஏதோ முனகினான். மேரிசாந்தி எழுந்துபோய் யன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அதன் பிறகுதான் கணினியில் எழுத்து வந்தது. 'வெயில் கண்ணில் அடிக்கிறது.'

"இது குழறல் இல்லை அங்கிள்" என்றாள் கோசிகா. "முழு வசனம். ஆனா அவர் பேசினது தமிழ் இல்லை. இது மொழிபெயர்ப்பு."

"பின்னை என்ன பாஷை?"

"சிங்களம். சில பேருக்குப் பக்கவாதத்திலை ஒரு மொழி போய் மற்றது மிஞ்சும்."

கிறிஸ்துராஜா சிரித்தார். "உன்ரை மெசினுக்கு விசர். இவனுக்குச் சிங்களத்திலை தண்ணி கேக்கவும் தெரியாது."

றூபன் மீண்டும் முனகினான். 'அண்ணாவிடம் சொல்லாதே' என்று வந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே வரி.

சிரிப்பு நின்றது.

யாழ்ப்பாணத்தில் ஆமி றூபனைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு கிழமையில் விட்டது. அடுத்த சுற்றிவளைப்பில் முகமூடி போட்ட ஒருவன் தலையாட்டிக் காட்டிக்கொடுக்க, கிறிஸ்துராஜாவின் மகன் டெனுசனை ஏற்றிப்போனார்கள்; அவன் திரும்பி வரவில்லை. முகமூடிக்குள் இருந்தது றூபன்தான் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அதை நம்ப மறுத்துத்தான் இத்தனை வருஷமும் அவர் தம்பியோடு ஒரே பூசையில் முழங்காலில் நின்றார்.

இப்போது தம்பியின் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். "ஆரிட்டையடா சிங்களம் படிச்சனி? அவங்களிட்டையோ?"

"அங்கிள், பிளீஸ்..."

"பிள்ளை, உது சிங்களத்திலை கேக்குமோ? கேள். என்ரை பெடியனை எங்கை தாட்டுப் புதைச்சவங்கள் எண்டு கேள்!"

றூபன் அண்ணனைப் பார்க்கவே இல்லை. அவன் கண்கள் மனைவியைக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

"நீயும் மறைச்சனி என்ன?" கிறிஸ்துராஜா அவள் பக்கம் திரும்பினார். "மன்னாரிலை ஒருத்தரும் இல்லையெண்டு வந்து நிண்ட உன்னை எங்கடை வீட்டுப் பிள்ளையா வைச்சிருந்தம். நல்லா இருக்கு!"

மேரிசாந்தி பேசாமல் இருந்தால் றூபன் காட்டிக்கொடுத்தவனாகவே சாவான். பேசினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். டெனுசனின் படத்துக்கு முன்னால் இந்த மனிதர் சிங்கள இனத்துக்கே இடும் சாபங்களை ஒவ்வொரு வருஷமும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். மெழுகுதிரியைக் கொளுத்திக் கொடுப்பவளும் அவள்தான்.

அவரது விரல்களை ஒவ்வொன்றாகக் கணவனின் சட்டையிலிருந்து பிரித்தாள்.

"அவரை விடுங்கோ. அவர் ஆமிக்காரனிட்டைப் படிக்கேல்லை. அண்ணாட்டைச் சொல்லாதை எண்டு சொன்னதும் என்னட்டைத்தான்."

"உன்னட்டையோ? உன்னட்டை ஏன் சிங்களத்திலை சொல்லுறான்?"

றூபன் தலையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றான். அவள் அவனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அண்ணை, நான் சிங்களத்தி."