கடைசி விரல்

காலை நடை முடிந்ததும் பூங்கா பெஞ்சில் எல்லோருக்கும் சுகர் பார்ப்பது தணிகாசலத்தின் வழக்கம். ஒரே ஊசிதான், பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த விரலுக்குப் போவார். கருணாகரன் வரிசையில் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தார். பதினோரு வருடமாகக் கல்லீரலில் குடியிருக்கும் ஹெபடைட்டிஸ் கிருமி சர்க்கரையையும் கூட்டிவரலாம் என்று டாக்டர் நேற்றுதான் சொல்லியிருந்தார். ரத்தம் வழியே பரவும் அந்தக் கிருமி அவருக்கு இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது.

“ஊசின்னா அவ்ளோ பயமா சார்?” என்று தணிகாசலம் அவர் விரலை இழுத்துக் குத்திவிட்டார். நல்லவேளை, நாம்தான் கடைசி என்று கருணாகரன் மூச்சுவிட்டார்.

“எனக்கும் பாத்துடுங்க” என்று ஓட்டமும் நடையுமாக வந்து விரலை நீட்டினார் செண்பகவல்லி.

கருணாகரன் ஊசியைப் பறித்துக் கைக்குள் மூடிக்கொண்டார். உள்ளங்கையில் சுருக்கென்று ஏறியது. எல்லோரும் சிரித்தார்கள்.

“விளையாடாதீங்க சார், குடுங்க” என்று தணிகாசலம் சிரித்தபடியே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார்.