மெத்தென்ற கரி

பிறைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பின் தலையைக் கழற்றிச் சாக்கில் தட்டினேன். இவ்வளவு கரியா!

ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்திருந்தேன். அடுப்பு மூன்று நாளாகச் சரியாகப் பற்றவில்லை. கூப்பனுக்குக் கிடைத்த மண்ணெண்ணெயும் மாதம் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. அது எங்கே போகிறதென்று கண்டுபிடிக்காமல் இன்றைக்கு எழும்புவதில்லை என்று என் மனைவி எல்சியிடம் சொல்லியும் விட்டேன்.

கரி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. துறைமுகப் பட்டறையில் லோஞ்சுப் படகு எஞ்சின்களைப் பிரித்துக் கரி சுரண்டுகிறவன் நான். பதினொரு வருடமாக அதுதான் பிழைப்பு.

சுடுகிற உலோகத்தில் பட்டதும் எண்ணெய் உடைந்துபோகும். வாயு பறந்துவிடும், கரி மட்டும் ஒட்டிக்கொள்ளும். வேகமாக எரிந்தால் அந்தக் கரி கல்லாக இறுகும். மெதுவாக எரிந்தால் மெத்தென்று, அடுக்கடுக்காகப் படியும்.

லோஞ்சு ஓட்டி றஊபைப் போன மாதம் பிடித்ததும் இப்படித்தான். எஞ்சினை மெல்ல ஓடவிட்டு நித்திரை கொள்கிறாயா என்று கேட்டேன். ஆள் வெலவெலத்துப் போனான்.

அடுப்புத் தலையை வெளிச்சத்தில் பிடித்தேன். மெத்தென்ற கரி, அடுக்கடுக்காக.

மணிக்கணக்காகச் சிறு தீயில் எரிந்திருக்கிறது. சோறு கறியெல்லாம் விறகில்தான். ஒரு கோப்பைத் தேநீருக்கு இவ்வளவு நேரமா?

"என்னவாம் உங்கட கரி?"

எல்சி குசினி வாசலில் நின்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது.

சப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டதிலிருந்து என் வேலைக்கு நேரங்காலம் கிடையாது. அன்றைக்கு எண்ணெய்த் தாங்கி எரிந்தபோது மூன்று நாள் வீட்டுக்கே வரவில்லை. இப்போதும் மூன்று மணிக்கும் வருவேன், எட்டு மணிக்கும் வருவேன். எப்போது வந்தாலும், சைக்கிளைச் சாத்துமுன்னே கை சுடச்சுடத் தேநீர் வந்துவிடும்.

"இப்பதான் இறக்கினனான்" என்பாள், ஒவ்வொரு நாளும்.

என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டு குடித்திருக்கிறேன், மடையன்.

தலை நிமிராமல் சுரண்டினேன். கண் கலங்கியதை அவள் பார்க்க வேண்டாம்.

"எண்ணெய் சரியில்லை, பிள்ளை. கலப்படம்."

கரியைப் பற்றி என் வாழ்நாளில் நான் சொன்ன முதல் பொய் அது.

எல்சி முந்தானையை விட்டாள்.

"ஓம்," என்றாள். "எனக்கும் அப்பிடித்தான் பட்டது."