இரவல் கால்

"அக்கா, வாற மாதம் நாலாம் திகதி உங்கட ரெண்டு காலையும் எனக்கு இரவல் தருவியளே?"

போனில் சயந்தினி இப்படிக் கேட்டதும் மறுபக்கத்தில் குகனேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த கையோடு, "அண்டைக்கு எங்கட ஸ்ஃபெர்ராகவால்லோ ரெஸ்டோரன்ரிலை பெரிய பார்ட்டி பிள்ளை, லீவு தரமாட்டாங்கள்" என்று போனை வைத்துவிட்டாள். கேட்டுப் பார்த்ததில் அவள் ஏழாவது ஆள்.

விசயம் வேறொன்றுமில்லை. கால் நகம் பராமரிக்கும் தொழிலைச் சயந்தினி ஒரு வருசமாகப் படித்தாள். கடைசிச் சோதனைக்கு அவரவர் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய், அந்த ஆளின் காலில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். பாஸ் பண்ணினால் நகரின் நடுவில், பொலிதேயாமாவில், ஒரு அழகு நிலையக் கடையில் வேலை தயார், வீட்டுவேலைக்கு ஒரு பெரிய கும்பிடு. ஆள் இல்லையென்றால் சோதனையே இல்லை.

இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து பதினொரு வருசம். கோயிலுக்குப் போனால் "சுகமோ?" என்று கேட்க நாற்பது பேர் இருக்கினம். அரை நாள் கூட வந்து ஒரு கதிரையில் இருக்க ஒருத்தரும் இல்லை. அது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது, குசினிக்குள் நின்று அழுதாள்.

"ஏன் அழுறாய்? என்ரை காலுக்கு என்ன குறை?"

கதவடியில் ஊன்றுகோலோடு நின்றது சிஞ்ஞோரா எமிலியானா, சயந்தினி வேலை செய்யும் வீட்டுக்காரி. எண்பத்திரண்டு வயது, சீனி வருத்தம், ஒரே மகன் மிலானோவில். சோதனைக் கதையெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு பேரும் கதைப்பது இத்தாலியனில்தான், ஆனால் அந்த நேரம் சயந்தினிக்கு அது தன் பாசையிலேயே கேட்டது.

"உங்களுக்கு நடக்கக் கஷ்டம், சிஞ்ஞோரா."

"நடக்கவோ கேக்கினம்? இருக்கத்தானே. அது சரி, பாஸ் பண்ணினா எப்ப கடைக்குப் போவாய்?"

"அடுத்த கிழமையே வரட்டாம்" என்றாள் சயந்தினி, வந்த சந்தோசத்தில். சிஞ்ஞோரா தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

சோதனைக்கு வளர்ந்த நகம் வேண்டும். மூலையைக் குடைந்தால் சதைக்குள் வளரும் என்று சொல்லிச் சொல்லி, வழக்கமாகத் தானே நேராக வெட்டிவிடும் அந்த நகங்களைச் சயந்தினி மூன்று கிழமை தொடாமல் விட்டாள். இடையில் ஒரு பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோனபோது, சிஞ்ஞோரா கட்டிலில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து, அந்த ஆனி வெக்கையிலும், கிழவி சொக்ஸைக் கழற்றவேயில்லை. வயது போனால் குளிரும்தானே என்று இவளும் விட்டுவிட்டாள்.

சோதனை மண்டபத்துக்கு மற்றப் பெட்டைகள் தாயையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சயந்தினி தன் சிஞ்ஞோராவைக் கதிரையில் இருத்தி, இடது சொக்ஸைக் கழற்றினாள். பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் புதைந்து, விரல் சிவந்து வீங்கி, சீழும் கட்டியிருந்தது.

பக்கத்து மேசைகளில் எல்லோரும் மளமளவென்று வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஓரத்தைக் கொஞ்சம் நெம்பி வெட்டினால் தானும் முடித்துவிடலாம், கத்தரியும் கையில்தான் இருந்தது. ஆனால் சீனி வருத்தக்காரியின் கால், கை பிழைத்தால் விரலையே எடுக்க வேண்டி வரும்.

சயந்தினி கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இதை நான் தொடமாட்டன். டொக்டர்தான் பாக்க வேணும்" என்றாள் பரீட்சகரிடம். எல்லாம் போச்சு, இனிச் சாகும்வரை வீடு கூட்டும் தும்புத்தடிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பரீட்சகர் குனிந்து விரலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "போன முறை இப்பிடி ஒரு காலை வெட்டித்தான் ஒருத்தி பெயிலானவள். மற்றக் காலைச் செய்து காட்டு."

வலது கால் பூப்போல வந்தது. மத்தியானத்துக்குள் பெயர் வாசித்தார்கள், சயந்தினி பாஸ்.

வெளியே படியில் சிஞ்ஞோராவை இருத்திவிட்டு, அழுகையும் சிரிப்புமாகக் கட்டிப்பிடித்தாள். "நீங்கள் இல்லாட்டி எனக்கு இந்த ஊரிலை ஆர்?" என்றாள். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நோகுதோ? டாக்ஸிக்குச் சொல்லிப்போட்டன், நேரே டொக்டரிட்டைப் போவம்."

செருப்பைப் பூட்டிவிடக் குனிந்தவள் அப்படியே நின்றாள். வெயில் வெளிச்சத்தில் வடிவாகத் தெரிந்தது. இடது காலில் நாலு நகம் நீளமாக வளர்ந்திருக்க, பெருவிரல் நகத்தின் மூலை மட்டும் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது.

"சிஞ்ஞோரா, மூண்டு கிழமையா நான் உங்கட நகத்திலை கை வைக்கேல்லை. இதை இப்பிடிக் குடைஞ்சு வெட்டினது ஆர்?"

எமிலியானா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பெயிலானா என்னை விட்டிட்டுப் போகமாட்டாய் எண்டு நினைச்சன்."