புத்தகத்தில் போட்டிருக்கு

“ரேஸ் ஓடுற கார் எண்டு சொல்லித்தானே வித்தனீங்கள், சியாம் நானா?”

விஜிதரன் முறைப்பாட்டுக் கடிதத்தை மேசையில் வைத்தான். அவன் போட்ட சத்தத்தில் வவுனியாக் கார்க்கடையே அடங்கிப்போனது.

“வேகமா ஓடும் எண்டுதான் சொன்னன், தம்பி,” என்றார் கடைக்காரர் சியாம். இளையவர்கள் அவரை அண்ணன் என்ற பொருளில் ‘நானா’ என்பார்கள்.

“ஓடினது. நிக்கேல்லை. பந்தயத் திடலில மூண்டாவது சுத்திலயே பிரேக் சூடேறி, ரயர் அடுக்கில போய் இடிச்சனான். உயிர் தப்பினதே பெரிய காரியம்.”

“திடலுக்கு வேற பிரேக் போட வேணும். புத்தகத்தில போட்டிருக்கு.”

“ஆர் நானா புத்தகம் வாசிக்கிறது? விக்கிறவன்தான் வாயைத் திறந்து சொல்ல வேணும். கம்பனி அதையும் பூட்டியெல்லோ தந்திருக்க வேணும்? இந்தக் கடிதத்தை இண்டைக்கே கொழும்புக்கு, கம்பனிக்கு அனுப்பப்போறன்.”

சியாம் கடிதத்தை எட்டிப் பார்த்தார். கடிதம் போனால் கம்பனி அவருடைய முகவர் உரிமையைப் பறித்துவிடும். முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, படாத பாடுபட்டுப் போட்ட கடை.

அப்போது விஜிதரனின் தொலைபேசி அடித்தது. கிளிநொச்சியில் அவன் நடத்தும் உழவு மெசின் கடையில் வேலை செய்யும் சுதர்சினி எடுத்திருந்தாள். கையில் காரின் மற்றக் கடதாசிகள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணை, தர்மபுரம் பேச்சியம்மா வந்து நிக்கிறா. போன கிழமை எங்களிட்ட வாங்கின லான்ட்மாஸ்டர் உழவு மெசினை ரயர் சில்லோட சேத்துக்க இறக்கி, அது புதைஞ்சு போச்சாம். ரண்டு நாளுக்குள்ள உழுது விதைக்காட்டி இந்தப் போகமே இல்லையாம். அழுறா.”

“சேத்துக்கு இரும்புச் சில்லு வேறயா வாங்க வேணும். புத்தகத்தில போட்டிருக்குத்தானே, வாசிக்கச் சொல்லும்.”

மறுமுனையில் பேச்சியம்மாவே பேசினார்.

“எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க தம்பி. விக்கும்போது நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

விஜிதரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எதிரே சியாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை, நல்ல மனுசன்.

விஜிதரனின் முகம் கறுத்துப்போனது.

“சுதர்சினி, மெக்கானிக்கிட்ட இரும்புச் சில்லு ரண்டையும் வாகனத்தில ஏத்தி, அவாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிக் குடுக்கச் சொல்லும். காசு கேக்க வேண்டாம். பிழை எங்கடதான்.”

தொலைபேசியை வைத்தான். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டான். சியாமுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“நானா, அந்தப் பிரேக்கைப் போட எத்தினை நாள் செல்லும்?”