ஓடலாமுங்களா சார்?

“ஏனுங்க சார், இப்ப ஓடலாமுங்களா?”

பாலகோபாலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் மண்மூட்டையும் கையுமாக ஓடிக்கொண்டிருக்க, அன்புச்செல்வி மட்டும் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று இதைக் கேட்டாள்.

“சைரன் அடிச்சா ஓடணும் அம்மணி. என்கிட்ட உத்தரவு கேக்கக் கூடாது. எத்தனை வாட்டி சொல்றது?”

“சரிங்க சார்” என்று ஓடினாள். அடுத்த பயிற்சியிலும் வந்து அதையே கேட்டாள்.

பெருந்துறைப் பக்கம் ஒரு டீசல் கிடங்கு அது. டேங்கரோ குழாயோ உடைந்து எண்ணெய் கொட்டினால், வாய்க்காலில் கலப்பதற்குள் ஓடிப்போய்த் தடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களைத் தயார் செய்வதுதான் பாலகோபாலின் வேலை. கப்பல் இன்ஜின் அறையில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்தவர்.

ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. பாதிப் பேர் நாற்றம் தாங்காமல் ஓடிவிட்டார்கள். நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் துபாய்க்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பது அவர் குறை. “சோறு திங்கறீங்கல்ல, வாயைத் திறந்து பேசுங்கப்பா” என்பார்.

அன்புச்செல்வியின் வேலை வடிகால் கதவை மூடுவது. கேள்வி கேட்டே இரண்டு தேர்வில் ஃபெயில். மூன்றாவதிலும் கோட்டை விட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேலை பார்த்த மில்லை மூடியபின் வேலையில்லாமல் கிடந்து, தவம் கிடந்து கிடைத்த வேலை இது.

கடைசித் தேர்வைப் பார்க்க கோவைத் தலைமை அலுவலகத்திலிருந்து சைதன்யா மேடம் வந்திருந்தார்.

பாலகோபால் அன்புச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டினாலும் மனசுக்குள் அந்தப் பெண் தேறிவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

“இன்னிக்கு நீ என் பக்கமே வரக் கூடாது. வந்தா நானே ஃபெயில் போட்டுருவேன்.”

“சார், அது வந்துங்க...”

“பேசாத. போய் அங்க நில்லு.”

போனாள். போகிற வழியில் கூடப் பயிற்சி எடுக்கும் அங்கப்பனைப் பார்த்து என்னவோ கண்ணைக் காட்டினாள். அவன் கையை விரித்தான்.

எண்ணெய்க்குப் பதிலாக மஞ்சள் கரைத்த தண்ணீர் ஒரு பீப்பாயில் தயாராக இருந்தது. சைரன் எப்போது அடிக்கும் என்பது மேடத்துக்கும் வாட்ச்மேனுக்கும் மட்டும்தான் தெரியும். பாலகோபால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மேடத்திடம் பெருமை அளந்துகொண்டிருந்தார்.

“நம்ம ஆளுங்க சைரன் அடிக்காம ஒரு அடி நகர மாட்டாங்க மேடம்.”

சொல்லி வாய் மூடவில்லை. பீப்பாய் கவிழ்ந்தது, அத்தனை பேரும் ஓடினார்கள்.

பாலகோபாலுக்கு மானமே போயிற்று. “நில்லுங்கப்பா, நில்லுங்க! சைரனே அடிக்கல, அதுக்குள்ள எங்க ஓடறீங்க?”

அவர் சொல்லைத் தட்டாத பிள்ளைகள். அப்படியே நின்றார்கள். அங்கப்பன் தலையில் மூட்டையோடு நின்றான். மஞ்சள் தண்ணீர் சாவகாசமாக வாய்க்காலில் இறங்கியது.

மேடம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தார். பிறகு வாட்ச்மேனுக்குக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

அன்புச்செல்வி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “மேடம், இது சார் வெக்கற பரீட்சைங்க. நடுவுல யார் நில்லுன்னாலும் நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க. நாந்தான் முதல்ல நின்னுபோட்டேன். என்னையப் பார்த்துத்தான் இவங்களும் நின்னாங்க.”

“அப்ப இது உனக்கு மூணாவது ஃபெயில். தெரியுமில்ல?”

“தெரியுமுங்க.”

பாலகோபால் அங்கப்பனின் கையைப் பிடித்து இழுத்தார். “சைரன் அடிச்சுதா?”

அங்கப்பன் அவர் காதோரம் குனிந்தான். “பெருந்துறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்குமுங்க சார்.”

பாலகோபால் அவன் கையை விட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் வேலை தப்பும். அந்தப் பெண்ணின் வேலை போய்விடும்.

“மேடம், ஃபெயிலானது அந்தப் புள்ள இல்லீங்க. எனக்குத்தான் காது கேக்கல.”

“என்ன சார் சொல்றீங்க? மாசக்கணக்கா பயிற்சி நடத்தறீங்களே. இத்தனை நாளா சைரன் அடிச்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

பாலகோபால் அன்புச்செல்வியைக் கை காட்டினார்.

“இந்தப் புள்ளதாங்க... ஒவ்வொரு வாட்டியும் தன்ற மார்க்கை விட்டுப்போட்டு எனக்கு வந்து சொல்லியிருக்குது.”