கண்ணாடி தெரியுற கார்டு

"கேம் விளையாடவா? யாருண்ணே, நீங்களா?"

ராஜகுருவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அருப்புக்கோட்டையில் பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். கிராபிக்ஸ் கார்டு கேட்டு வருகிற ஆளுக்கு மீசை முளைத்திருந்தாலே அதிசயம். வெள்ளத்துரைக்கோ மீசை முழுக்க நரைத்துவிட்டது.

திருச்சுழி லைனில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், போன மாதம்தான் ஓய்வு பெற்றார். ராஜகுரு பள்ளிக்கூடம் போனதே அவர் வண்டியில்தான். அப்பேர்ப்பட்ட மனிதர் இன்று பாலவனத்தத்திலிருந்து, மகன் வீட்டில் விட்டுப்போன சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்.

"பஸ்ஸு ஓட்டுற கேமு தம்பி. ஸ்டேரிங், பெடலு எல்லாம் மகன் வாங்கி அனுப்பிட்டான். படந்தான் திக்கித் திக்கி வருது. கார்டை மாத்தணுமாம்."

ராஜகுரு மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் மனிதருக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டதே! கட்டிய மனைவி அழகுத்தாய் மதினி முட்டி வலியோடு அடுப்படியில் நிற்பாராம், இவர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பஸ் ஓட்டுவாராம். நன்றாக இருக்கிறது நியாயம்!

"மதினிக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாம நான் ஒரு டீ குடிச்சிர முடியுமா? நீ கார்டை எடு."

நஷ்டமாவது குறையட்டும் என்று, இருப்பதிலேயே விலை குறைந்த கார்டை மாட்டி கேமை ஓடவிட்டார் ராஜகுரு. திரையில் பஸ் கிளம்பியது.

வெள்ளத்துரை ரோட்டைப் பார்க்கவே இல்லை. திரையின் ஓரத்தில் தெரிந்த சைடு கண்ணாடியைத்தான் உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி, கண்ணாடி ஒரே புகை மூட்டமா இருக்கு?"

"அதைப் பசங்க யாரும் பாக்க மாட்டாங்கண்ணே. கண்ணாடியை ஆஃப் பண்ணிட்டா இந்தக் கார்டுலயே வண்டி பறக்கும்."

"ஆஃப் பண்றதா!" வெள்ளத்துரை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கண்ணாடி இல்லாம வண்டி எடுக்கச் சொல்றியா? பின் படியில ஒரு பொம்பள கைப்பிள்ளையோட எறங்கிட்டு இருந்தா?"

"கேமுல ஏதுண்ணே கைப்பிள்ளை?"

"எதுல இருந்தா என்ன? வண்டி வண்டிதான்."

ராஜகுருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, ஆசையைத் தீர்த்துவிடலாம் என்று கடையிலேயே பெரிய கார்டை எடுத்துக் காட்டினார். விலையைக் கேட்டதும் வெள்ளத்துரை கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுக்குப் பவர் சப்ளையும் மாத்தணும்ண்ணே."

"டவுன் பஸ்ஸுக்கு ஏரோப்ளேன் இஞ்சினா? உள்ள வையி. நடுத்தரமா ஒண்ணு எடு."

நடுத்தரக் கார்டு ஏறியது. வெள்ளத்துரை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வண்டியை நிறுத்தச் சொன்னார். மழையை வரவழைக்கச் சொன்னார். வைப்பரைப் போடச் சொன்னார். அத்தனை மழையிலும் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"ஆஹா! பின்னாடி வர்ற லாரியோட நம்பரே தெரியுதுப்பா. இதையே மாட்டிரு."

சின்னப்பிள்ளை மாதிரி சிரித்த அந்த முகத்தைப் பார்த்ததும் ராஜகுருவின் கோபம் இறங்கிவிட்டது. பாவம், வண்டியை விட்டு இறங்க மனசு வரவில்லை மனிதருக்கு! ஆனால் இப்படியே விட்டால் ராத்திரி பகல் என்று பார்க்காமல் திரைக்கு முன்னாலேயே கிடப்பாரே என்ற கவலை பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை விருதுநகருக்குக் கிளம்பிய ராஜகுரு, வழியில் பாலவனத்தத்தில் இறங்கிக்கொண்டார். மதினியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். அண்ணனைக் கேமிலேயே கிடக்க விடாதீர்கள், வீட்டு வேலையில் கொஞ்சம் கூடமாட இருக்கச் சொல்லுங்கள் என்று.

வாசலுக்கு வரும்போதே உள்ளே ஹாரன் சத்தம் தூள் பறந்தது.

"வளைவு வருது, மெதுவா!" இது வெள்ளத்துரையின் குரல்.

"சும்மா இருங்க! பின்னாடி ஒரு லாரிக்காரன் முட்டுற மாதிரி வாரான். அவனைப் பாக்குறதா, உங்களுக்குப் பதில் சொல்றதா?"

ராஜகுரு எட்டிப் பார்த்தார்.

அழகுத்தாய் மதினி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டேரிங்கைப் பிடித்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. திரையில் பஸ் மலைப்பாதையில் ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் வெள்ளத்துரை.

"வாங்க தம்பி, உக்காருங்க! ஸ்டாப்பு வந்ததும் எந்திரிச்சு வாரேன்," என்றார் மதினி, திரும்பாமலே.

சொல்ல வந்தது எல்லாம் ராஜகுருவுக்கு மறந்து போனது.

"அண்ணே, நீங்க ஓட்டலையா?"

"நான் ஓட்டுனது போதாதா?" வெள்ளத்துரை குரலைத் தணித்துக்கொண்டார். "கல்யாணமான புதுசுல, எனக்கும் பஸ்ஸு ஓட்டக் கத்துக்குடுங்கன்னு கேட்டா தம்பி. பொம்பளைக்கு எதுக்குடி ஸ்டேரிங்குன்னு பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்கச் சிரிச்சேன். இப்ப நெச வண்டியில ஏத்தலாம்னா, முட்டி வலிக்கு அவளால கிளச்சை மிதிக்க முடியாது. இந்தக் கேமுல கிளச்சே வேண்டாம்."

உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு அவர் சொன்னார்:

"மன்னிப்புக் கேக்க வாய் வரலப்பா. அதான் கார்டா வாங்கிக் குடுத்துட்டேன்."