தம்ளரில் ஒரு ரேகை

எவனோ வீட்டுக்குள் புகுந்து நாலு வளையலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று அந்த அம்மாள் புகார் கொடுத்திருந்தார். கைரேகை நிபுணருக்கு உள்ளே நுழைந்ததுமே சந்தேகம் தட்டியது. பூட்டு உடையவில்லை. பீரோவில் ஒரு துணிகூடக் கலையவில்லை.

“வளையல் எத்தனை பவுன்?”

“என்னமோ, ஆறு இருக்கும். சார், முதல்ல இந்தக் கண்ணாடித் தம்ளரைப் பாருங்க. அவன் தண்ணி குடிச்சிருக்கான். நான் தொடவே இல்லை.”

நிபுணர் பீரோவில் பொடி தூவிப் பார்த்தார். அந்த அம்மாளின் ரேகையைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த அம்மாளோ தம்ளரை விட்டு நகர்வதாக இல்லை.

நிபுணர் குரலை உயர்த்தினார். “பொய்ப் புகார் கொடுத்தா உள்ள போகணும், தெரியும்ல? யாரை மாட்டிவிடப் பாக்குறீங்க?”

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நகை எதுவும் போகலை சார். என் பையன் கோவிச்சுக்கிட்டுப் போயி மூணு வருஷம் ஆச்சு. காணலைன்னு எழுதிக் குடுத்தப்ப, அவன் புத்தகத்துல இருந்து ரேகை எடுத்து உங்க ஆபீஸ்ல வச்சிருக்காங்க. இன்னைக்கு நான் கடைக்குப் போன நேரத்துல, சாவி வைக்கிற இடம் தெரிஞ்ச யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க. சும்மா கூப்பிட்டா வந்திருப்பீங்களா?”

நிபுணர் தம்ளரில் இருந்த ரேகையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது.

“புகாரை வாபஸ் வாங்கிடுங்கம்மா. வந்தது உங்க பையன்தான். அடுத்த தடவை வந்தா விட்டுடாதீங்க, பிடிச்சு வைங்க.”